ஆட்டாமல் விட்ட குழாய்

நாய் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பேர் ஊசியக்கா. பெற்றவர்கள் வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. தரை துடைக்க வந்தவள், பார்த்துப் பார்த்தே ரத்தம் எடுக்கக் கற்றுக்கொண்டு, பதினேழு வருஷம் ஆகிவிட்டது. எந்த நாயும் அவளைக் கடித்ததில்லை. "என்மேல என்னடா கோவம்? டாக்டர் அங்க உக்காந்திருக்காங்க, போய்க் கடி" என்று காதோரம் முணுமுணுப்பாள். நாய்க்கு விஷயம் புரிவதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை புற்றுநோய் நாய்களின் நாள். மருந்து ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ரத்தம் பார்க்க வேண்டும். அந்த மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. கட்டியைக் கரைக்கிற கையோடு ரத்தத்தில் இருக்கிற அணுக்களையும் குறைத்துவிடும். எண்ணிக்கை இறங்கியிருந்தால் அன்றைக்கு மருந்து கிடையாது. மருந்தைத் தள்ளிப்போட்டால் கட்டி தலைதூக்கும். எல்லாமே விரல் நீளத்துக்கு ஒரு ஊதா மூடிக் குழாயில்தான். ரத்தம் விழுந்தவுடனே அதைப் பத்து தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இல்லையென்றால் உள்ளே சின்னச் சின்னதாக உறைந்துபோகும். உறைந்ததை மெஷின் எண்ணாது. குறைவு என்று அச்சடித்துக் கொடுத்துவிடும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், சாவி செய்கிறவருடைய நாய் செம்பட்டைக்கு ரத்தம் எடுத்த அன்று, வெளியே ரெண்டு நாய்கள் கட்டிப் புரண்டன. குழாயைத் தாங்கியில் செருகிவிட்டு ஓடினாள். திரும்பி வந்து ஆட்டி, மெஷினில் வைத்தாள். குறைவு என்று வந்தது. மருந்து ஒரு வாரம் தள்ளிப்போனது. அடுத்த செவ்வாய்க்குள் கழுத்துக் கட்டி எலுமிச்சம்பழ அளவுக்குத் திரும்பியிருந்தது. அதற்குப் பிறகு எந்த மருந்தும் பிடிக்கவில்லை.

கடைசி நாளில் சாவிக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க கை பட்டா அவன் அழுததே இல்லக்கா." அந்தக் கையை அன்று எத்தனை தடவை கழுவினாள் என்று அவளுக்கே தெரியாது.

யாரிடமும் வாய் திறக்கவில்லை. நிஜமாகவே குறைந்திருக்கலாம் இல்லையா? அந்த ஒரு 'கலாம்'தான் அவளைத் தூங்க வைத்தது. ஆனால் காத்திருக்கும் கூடத்தில், மூன்றாவது நாற்காலியின் காலடியில், அவள் கண்ணுக்கு மட்டும் செம்பட்டை உட்கார்ந்திருப்பான். ஊசிக்குக் கொடுப்பது போல முன்னங்காலை நீட்டிக்கொண்டு. முறைத்தால்கூடப் பரவாயில்லை. முறைக்க மாட்டான். வாலைத்தான் ஆட்டுவான்.

இந்தச் செவ்வாய் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் தன் கறுப்பு நாயோடு வந்தார்.

"மகாராணி வந்தாச்சு, எல்லாரும் வழி விடுங்க!"

"ராணி முன்னாடி, மந்திரி பின்னாடியா சார்?"

"வீட்லயும் அதே வரிசைதாம்மா."

ரத்தம் எடுத்து முடித்த நேரம் இடுப்பில் செல்போன் துடித்தது. மகளுக்கு முந்தின நாளிலிருந்தே பிரசவ வலி. குழாயைத் தாங்கியில் செருகிவிட்டு எடுத்தாள். மருமகன் குரல் உடைந்தது. "அத்தை, பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. மூக்கு அப்படியே உங்க மூக்கு."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "அப்ப இனிமே ஊசிப்பாட்டியா!" என்றார் கண்டக்டர். மகாராணி குரைத்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

திரும்பினாள். குழாய் அப்படியே நின்றிருந்தது. எவ்வளவு நேரம்? தெரியவில்லை. அவசரமாகப் பத்து தடவை கவிழ்த்தாள். அவள் கை, அவளைக் கேட்காமலே, அதைக் கொண்டுபோய் மெஷினில் வைத்தது.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ரத்தத்துல தட்டணு நாப்பதாயிரம்தான் இருக்கு சார். இன்னிக்கு மருந்து வேணாம். அடுத்த வாரம் பாக்கலாம்."

"நல்லாத்தானே டாக்டர் ஓடியாடிட்டு இருந்தா?" கண்டக்டர் குரல் அமுங்கிப்போனது. நாயின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

கதவருகே செம்பட்டை நின்றிருந்தான். வாலை ஆட்டினான்.

"டாக்டர், அந்த ரத்தம் சரியில்ல." சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். "போன் வந்துச்சு. நான் உடனே ஆட்டல."

"என்னக்கா இது! நீங்களா?"

"திட்டறத அப்புறம் சேத்துத் திட்டுங்க. மறுபடி எடுக்கறேன்."

அடுத்த காலில் எடுத்தாள். வாய்விட்டு எண்ணிக்கொண்டே பத்து தடவை கவிழ்த்தாள். மெஷின் முனகி முனகி ஒரு சீட்டைத் துப்பியது. ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம்.

டாக்டர் பழைய குழாயைத் திறந்து குச்சியால் துழாவினார். கடுகு கடுகாகக் கறுப்பு உறைவு குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்தது. கண்டக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "பேத்தி பொறந்த நேரம்மா!" மருந்து சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது.

அவள் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரெண்டு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்த 'கலாம்' கண்ணெதிரே அறுந்துவிட்டது.

"டாக்டர், செம்பட்டைக்கும் இப்படித்தான் செஞ்சேன்."

டாக்டர் குச்சியைக் குப்பைக் கூடையில் போட்டு மூடினார். "அது எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்சதா இருக்கட்டும்க்கா. போய்ப் பேத்தியப் பாருங்க."

பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். ரெண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டாள்.

சாவிக்காரர் தன் கடையில் அரத்தால் ஒரு சாவியை ராவிக்கொண்டிருந்தார். "அடடே, அக்கா! என்ன இந்தப் பக்கம்? முகமெல்லாம் வேர்த்து..."

"பேத்தி பொறந்திருக்கா தம்பி."

"அப்ப ஸ்வீட் எங்க?" சிரித்துக்கொண்டே முக்காலியைத் தள்ளினார்.

அவள் உட்காரவில்லை. "இன்னும் பாக்கல. உங்ககிட்ட ஒண்ணு சொல்லிட்டுத்தான் அவளத் தூக்கணும். அந்த அரத்தக் கொஞ்சம் கீழ வைங்க."

அவர் வைத்தார்.

"செம்பட்டையப் பத்தி" என்று ஆரம்பித்தாள்.