வராத கணக்கு

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஒரு கடையின் பழைய கூலரிலிருந்து நனைந்த வெட்டிவேர் வாசனை வந்தது. இப்போது கார்கள் நிற்கும் இடமாகிவிட்ட, எங்கள் பள்ளியின் தகரக் கூரை அறைக்கும் இதே வாசனைதான்.

தொண்ணூறுகளில், மற்றவர்களுக்கு முன்பே கணக்கை முடித்துவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த எங்கள் நாலு பேரை மெர்ஸி மிஸ் அங்கே கூட்டிப்போவார். நாகர்கோவில்காரர்; ஒரே ஒரு பிள்ளையைக்கூட 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார். ஆளுக்கொரு கணக்கு கொடுப்பார். ஒருவருடையது இன்னொருவருக்கு உதவாது. கூலர் கடகடக்கும், தண்ணீர் சொட்டும், பக்கத்தில் குர்ப்ரீத்தின் பென்சில் நிற்காமல் ஓடும், என்னுடையது மட்டும் நாள்கணக்காக ஒரே முக்கோணத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். அதுவரை எனக்கு வராத கணக்கு என்று ஒன்று இருந்ததில்லை. மகள் ஸ்பெஷல் வகுப்பில் இருக்கிறாள் என்று அப்பா ஆபீஸ் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

ஒருநாள் தாங்க முடியாமல், "மிஸ், நான் பழைய கிளாஸுக்கே போயிடறேன். நான் அவ்ளோ இன்டெலிஜென்ட் இல்ல" என்றேன்.

மிஸ் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "எனக்கும் இது இன்னும் வரல, மக்களே. நீ எங்க முட்டி நிக்கன்னு காட்டு, பாப்போம்."

டீச்சருக்கும் வராத கணக்கு உண்டா என்று அவர் முகத்தையே பார்த்தேன். பிறகு காட்டினேன்.

அன்றும் விடை வரவில்லை. மணி அடித்து மற்ற மூவரும் ஓடிய பிறகும் நான் எழுந்திருக்காமல் முக்கோணத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். "ஜல்தி மக்களே, பஸ் போயிரும்" என்று மிஸ்தான் என்னைக் கிளப்ப வேண்டியிருந்தது.