விழுங்கியது காசு இல்லை, பட்டன் செல்

இன்று காலை பக்கத்துப் போர்ஷன் ஸ்டெல்லா அக்கா கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கிவிட்டேன்.

(நம்ப மாட்டீர்கள். பஸ்ஸில் "இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிற ஆள் நான்.)

அக்காவின் இரண்டு வயதுப் பையன் ஜெபின், கலர் லைட் ரிமோட்டிலிருந்து கழற்றி வைத்த, காசு போல வட்டமான பட்டன் செல் பேட்டரியை விழுங்கிவிட்டான்.

கீழ் வீட்டு ஆட்டோ குமார் அண்ணன் சிரித்தார்.

"ஒண்ணும் ஆவாது ஸ்டெல்லா. எம் பையன் ஒத்த ரூபா முழுங்கல? ரெண்டு வாழப்பழம் குட்த்தேன், மறுநா காலீல வெளிய வந்துச்சு."

அக்கா பழத்தை உரித்தார். ஜெபினுக்கு எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது.



பத்தாவதோடு நின்றுவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ரிமோட் பாகங்களைப் பூட்டும் வேலைக்குப் போகிறேன். போன மாதம், கழித்துப்போட்ட செல் ஒன்று என் சாப்பாட்டு டப்பாவில் விழுந்தது தெரியாமல் மூடிவிட்டேன். மதியம் திறந்தால், செல் ஒட்டிய இடத்தில் மட்டும் மீன் துண்டு கறுத்துக் குழியாகியிருந்தது.

ஈரம் பட்டதும் செல்லின் இரு பக்கத்துக்கும் நடுவே கரண்ட் ஓடும். அது அந்த ஈரத்தையே காஸ்டிக் சோடா போல ஆக்கிவிடும். தொண்டைக்குள்ளும் ஈரம்தானே.

"வேணாங்கா. உள்ள வெந்துகினு இருக்கும்."

"இன்னா பாப்பா சொல்ற? அது தீர்ந்த செல்லு. ரிமோட்டே வேல செய்யல," என்றார் அண்ணன்.

"என் டப்பால வுழுந்ததும் தீர்ந்த செல்லுதாண்ணா. ரிமோட்டுக்குத்தான் அந்த கரண்ட் போதாது."

அக்கா பழத்தைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனார்.

அப்போதுதான் பிடுங்கினேன்.

"எம் புள்ளைக்கு ஏதானா ஆச்சு, உன்ன சும்மா உட மாட்டேன்டி."

"திட்டுக்கா. ஆட்டோல ஏறிக்கினு திட்டு."

குமார் அண்ணன் சாவியை எடுத்தார்.

எக்ஸ்ரேயில் செல் உணவுக்குழாயிலேயே நின்றிருந்தது. டாக்டர் முதலில் கேட்டது, "சாப்பிட ஏதாவது குடுத்தீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார்.

"இல்ல சார். இவ குடுக்க உடல."

மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டு எடுத்தார்கள். பழம் சாப்பிட்டிருந்தால் மயக்கத்தில் வாந்தி வந்து ஆபத்தாகியிருக்கலாமாம். அந்த இடத்தில் புண். இப்போதைக்கு மூக்கு வழியாகத்தான் பால். ஆறிவிடும் என்கிறார்கள், ஆனால் உறுதியாகச் சொல்ல இன்னும் சில நாள் பார்க்க வேண்டுமாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் தீர்ந்த செல்லை எங்கே போடுகிறீர்கள்? அந்த இடம் குழந்தையின் கைக்கு எட்டுமா?

எழுந்து போய்ப் பாருங்கள். கமெண்ட் அப்புறம் போடலாம்.