செருப்பைத் தேடாமல் வெளியே வந்த மாலை

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது இது. எங்கள் பங்குக் கோயில், கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் இருக்கிறது. அன்று மாதா திருவிழா, மாலைத் திருப்பலி. என் மனைவிக்கு நிறைமாதம். வீட்டிலேயே இரு என்றேன், கேட்பாளா? தேர் பார்த்தே தீருவேன் என்று எனக்கு முன்னால் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அன்று நடந்ததைச் சொல்வதற்கு முன் எங்கள் டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கோயில் காரியங்களைக் கூடிப் பேசும் பங்குப் பேரவைக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே, கூட்டம் நிறைந்திருக்கும்போது தீப்பிடித்தால் எப்படி வெளியே போவோம் என்பதுதான். நல்ல காரியம் பேசுகிற இடத்தில் இது என்ன பேச்சு என்று பலர் முகம் சுளித்தார்கள்.

“எல்லாம் மாதா பாத்துக்குவாங்கம்மா” என்றார் பேரவையில் ஒருவர்.

“பாத்துக்குவாங்க. கதவ நாமதான் தொறந்து வைக்கணும்” என்றார் டீச்சர்.

கோயிலின் இரண்டு பக்கக் கதவுகளும் வருடக்கணக்கில் பூட்டியே கிடந்தன. பழைய பெஞ்சுகளையும் பந்தல் கம்புகளையும் அங்கேதான் அடுக்கியிருந்தோம். அதையெல்லாம் அகற்றவைத்து, ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் ஒத்திகை என்று விசில் ஊதினார். பெரிய வாசல், பக்க வாசல் என்று எல்லோரும் வேகமாகத்தான் போனோம். வெளியே கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டோம். வேறென்ன, செருப்பு! படியோரம் குவிந்து கிடந்ததில் ஆளாளுக்குக் காலால் துழாவிக்கொண்டிருந்தோம். பின்னால் வந்தவர்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். புதுச் செருப்பு என்பதால் நான் கொஞ்சம் ஜாஸ்தியாகவே தேடினேன்.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். மறுவாரமே செருப்பு விடும் இடம் மதிலோரம் புங்கமரத்தடிக்குப் போய்விட்டது. வெயிலில் கால் சுடுகிறதென்று புலம்பாத ஆள் இல்லை.

அவர் அதோடு விடவில்லை. எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவது வழக்கம். அடுத்த ஒத்திகையில் கணவன்மார் மனைவியைத் தேடி இந்தப் பக்கமும், அம்மாக்கள் பையனைத் தேடி அந்தப் பக்கமும் ஓடி, நடுவில் முட்டிக்கொண்டோம். அதன்பின் ஒரு விதி வந்தது. யாரும் பக்கம் மாறக் கூடாது. அவரவர் பக்கக் கதவு வழியாகவே போக வேண்டும். வேகமாக நடக்க முடியாதவர்கள் யாராக இருந்தாலும், அவர்களை அழைத்துப்போக அதே பெஞ்சில் இருவர் பொறுப்பு. சொந்தக்காரர்களாக இருக்க வேண்டும் என்றில்லை.

திருவிழாவன்று நன்மை, அதாவது நற்கருணை, வாங்கும் நேரம். பெரிய வாசலை ஒட்டிப் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் சீரியல் செட் ஒயர் கருகி, தீ பிடித்துக்கொண்டது. வாசல் முழுக்கப் புகை. உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். அரை இருட்டில் குழந்தைகள் வீறிட்டு அழுதன. எனக்கு விதியாவது ஒன்றாவது, மனைவி இருந்த பக்கம் பாய்ந்தேன். பக்கத்தில் இருந்த என் மைத்துனன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

“மாமா, அந்தப் பக்கம் போவாதீங்க. அக்காவ அவுங்க பெஞ்சுக்காரங்க இட்டுனு போவாங்க. நீங்க குறுக்க பூந்தா எல்லாருமே மாட்டிக்குவோம்.”

விட்டிருந்தால் அடித்திருப்பேன். அவன் விடவில்லை. விசில் சத்தம் வந்த திசையில் எங்கள் வரிசை நகர்ந்தது. தள்ளுமுள்ளு இல்லை. வெளியே வந்ததும் வெறுங்காலோடு கோயிலைச் சுற்றி ஓடினேன்.

பெண்கள் பக்க மைதானத்தில் அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முந்திரி உடைக்கும் வேலைக்குப் போகும் ஒரு அக்கா பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார். இன்னொரு பெண் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். இருவரிடமும் நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

“ஒண்ணுமில்ல தம்பி, மெதுவாதான் நடத்தி இட்டாந்தோம். நீங்க மொதல்ல உக்காருங்க” என்றார் அந்த அக்கா. நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

தீயணைப்பு வண்டி வருவதற்குள் இளைஞர்கள் பந்தலைப் பிரித்துத் தள்ளி மணலைக் கொட்டியிருந்தார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பெஞ்சுக்கடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டுக் கடைசியாக வெளியே வந்தவர் டீச்சர். சேலையெல்லாம் கரி. நன்றி சொல்லப் போனால், அடுத்த ஒத்திகை எந்த ஞாயிறு என்று பேச ஆரம்பித்துவிட்டார். என்ன பெண்மணி அவர்!

அந்த வாரத்திலேயே எங்களுக்கு மகள் பிறந்தாள். இப்போது என் பெஞ்சில், பக்கவாதத்தில் ஒரு கால் வராத பெரியவர் ஒருவருக்கு நான் பொறுப்பு. அவர் எனக்கு உறவில்லை, ஊர்க்காரர்கூட இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை உள்ளே போனதும் அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்த பிறகுதான் சிலுவை அடையாளம் போடுகிறேன். என் ஜெபம் அங்கேயே தொடங்கிவிடுவதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.