ரெண்டு லைசென்ஸும் பதினோரு லாட்ஜும்

வெப்சைட் செய்யறவங்க பொழப்புல பாதி, முன்னபின்ன தெரியாத யாரோ எழுதி சும்மா குடுத்த மென்பொருளை எடுத்து ஒண்ணோட ஒண்ணு கோக்கறதுதான். இந்தத் தொழில்ல மாட்டிக்கிட்ட உங்களுக்கு நான் சொல்ல வேணாம்: கோக்கறதுக்கு ஒரு வாரம் ஆகும், கோத்ததுல விழற சிக்கலைப் பிரிக்க ஒரு மாசம் ஆகும்.

படிக்காத ஃபைல்

வேங்கிக்கால்ல ஒரு மாடி ரூம்ல நானும் குமரேசனும் கம்பெனி நடத்தறோம். கம்பெனின்னா நாங்க ரெண்டு பேர்தான், காலேஜ்ல ஒண்ணாப் படிச்சவங்க. கிரிவலப் பாதையில லாட்ஜ் வெச்சிருக்கிற ஏகாம்பரம் ஐயா ஒரு நாள் கூப்பிட்டு, "ரூம் புக் பண்ண ஒரு சைட் செஞ்சு குடுங்க. கொஞ்ச நாள் நான் ஓட்டிப் பாக்கறேன். சரியா இருந்தா என்னுதோட நம்ம கூட்டாளிங்க பத்து லாட்ஜையும் சேர்த்து ஒப்பந்தம் போட்டுடலாம்"னார். எங்களுக்குக் கிடைச்ச முதல் பெரிய வேலை. இது கைவிட்டுப் போனா கம்பெனியை மூடிட்டு குமரேசன் சென்னைக்கு வேலைக்குப் போறது, நான் கீழ்பென்னாத்தூர்ல வீட்டோட உக்காரறதுன்னு பேசி வெச்சிருந்தோம்.

ரூம் புக்கிங்குக்கு ஒரு மென்பொருள் எடுத்தோம், பௌர்ணமி காட்டற காலண்டருக்கு இன்னொண்ணு. ரெண்டும் இலவசம், கோடிங்கையும் திறந்தே வெச்சிருந்தாங்க. ரெண்டுலயும் லைசென்ஸ்னு ஒரு ஃபைல் இருந்துச்சு. எடுத்துக்கறவங்க என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாதுன்னு அதுல பக்கம் பக்கமா எழுதியிருக்கும். திறக்கலாமான்னு நான் ஒரு நிமிஷம் யோசிச்சேன். குமரேசன் சிரிச்சான்: "அதைப் படிச்சிட்டு வேலை செஞ்சவன் எவனாவது இருக்கானா? விடு மகேஸ்."

ஒன்பதாம் நம்பர் ரூம்

மூணாவது வாரம் ஏகாம்பரம் ஐயா போன் பண்ணார். அவர் குரல் எப்பவுமே ஜாஸ்தி. அன்னிக்கு ஸ்பீக்கர் போடாமயே குமரேசனுக்குக் கேட்டுச்சு. ஒன்பதாம் நம்பர் ரூம்ல ரெண்டு மாசமா தங்கியிருக்கிற ஃபாரின்காரர், ஊர்ல கம்ப்யூட்டர் எஞ்சினியரா இருந்தவராம். எங்க பக்கத்தைப் பாத்ததுமே இது எந்த மென்பொருள்னு கண்டுபிடிச்சிட்டார். அதோட லைசென்ஸ்படி, சைட்டைப் பயன்படுத்தறவங்க யார் கேட்டாலும், மாத்தி எழுதின கோடிங் முழுசையும் குடுத்தாகணுமாம். ரிசப்ஷன்ல நின்னு மரியாதையாத்தான் கேட்டிருக்கார்.

போனைக் காதுல வெச்சுக்கிட்டே ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். "பாத்துட்டு சாயந்தரம் சொல்றேங்கய்யா"ன்னேன். அவர் விடலை: "ஏம்மா, சுடுதண்ணி வரலைன்னு சண்டை போட்டவங்களை எத்தனையோ பாத்திருக்கேன், கோடிங் வரலைன்னு ஒருத்தர் வந்து நிக்கறதை இப்பதான் பாக்கறேன். அடுத்தவங்க பொருளை என் தலையில கட்டிட்டியா?"

ரெண்டு சம்பந்தி

அன்னிக்குத்தான் ரெண்டு ஃபைலையும் முழுசா படிச்சேன். புக்கிங் மென்பொருள் சொல்லுது, என்னோட எதைச் சேர்த்தாலும் மொத்தமும் என் நிபந்தனைப்படிதான் வெளிய போகணும்னு. காலண்டரும் அதையேதான் சொல்லுது. ஆனா அதோட நிபந்தனை பழசு, புக்கிங்கோட புது நிபந்தனையை ஒத்துக்காது. பொண்ணு வீடும் மாப்பிள்ளை வீடும் ஆளுக்கொரு முறையை வெச்சுக்கிட்டு "எங்க முறைப்படிதான் கல்யாணம்"னு மல்லுக்கு நிக்கற மாதிரி. தனித்தனியாப் பாத்தா ரெண்டும் தங்கமான குடும்பம்.

கோடிங்கைக் குடுத்தா காலண்டர்காரங்களுக்குத் துரோகம், குடுக்கலைன்னா புக்கிங்காரங்களுக்குத் துரோகம். காலண்டரைக் கழட்டிடலாம்னா, பௌர்ணமி பாத்து ரூம் போடற ஊர்ல அது இல்லாத சைட்டை யார் தொடுவாங்க? சே, ஒரு ஃபைலைப் படிக்கச் சோம்பல்பட்டதுக்கு இதெல்லாம் தேவையான்னு என்மேலயே எனக்கு ஆத்திரமா வந்துச்சு. குமரேசன் மெதுவா கேட்டான்: "வேற ஏதாவது கோடிங்கைக் குடுத்து அனுப்பிடலாமா? அந்த ஆளு என்ன ஒவ்வொரு வரியா படிக்கவா போறாரு?"

மூணாவது ஆள்

நான் கத்தின கத்துல கீழ இருக்கிற ஜெராக்ஸ் கடைக்காரர் மேல எட்டிப் பாத்தார். அப்புறம் ஏகாம்பரம் ஐயாவுக்குப் போன் போட்டு, "தப்பு எங்களுதுங்க. பத்து நாள் குடுங்க, அதுவரைக்கும் சைட்டை நிறுத்தி வெக்கறோம்"னேன். "ம்"னு சொல்லிட்டு வெச்சுட்டார். அந்த "ம்" பத்து நாளும் என் காதுலயே கெடந்துச்சு.

காலண்டரை எழுதினவங்க மூணு பேர். உங்க பங்கைப் புது நிபந்தனையிலயும் குடுக்க அனுமதிப்பீங்களான்னு மூணு பேருக்கும் மெயில் போட்டேன். முதல் ஆள் மறுநாளே சரின்னார். ரெண்டாவது ஆள் நாலாம் நாள், இப்படி ஒண்ணை எழுதினதே மறந்துபோச்சுன்னு சொல்லி சரின்னார். மூணாவது ஆள்கிட்டேருந்து மூச்சே இல்லை. பஸ்ல ஏறினா மெயில் பாக்கறது, இறங்கினா மெயில் பாக்கறது, சோத்துல கை வெச்சா மெயில் பாக்கறது. வீட்ல என்னைப் பைத்தியம்னே முடிவு பண்ணிட்டாங்க.

எட்டாம் நாள், சரி, அவர் பங்கை மட்டும் எடுத்துட்டு நாமே எழுதிடலாம்னு தேடினா, பௌர்ணமி கணக்கு போடற பகுதியே அவருதுதான். தலையெழுத்து! அந்தப் பகுதியை முழுசா வெட்டி எறிஞ்சேன். குமரேசன் எதிர் டீக்கடைக்கு ஓடி, செவுத்துல மாட்டியிருந்த, கிரிவல நேரம் அச்சடிச்ச காலண்டரைக் கழட்டிக்கிட்டு வந்தான். ஒவ்வொரு பௌர்ணமியாப் பாத்து நானே தட்டினேன். காலண்டரைத் திருப்பி வாங்க வந்த டீக்கடைக்காரர் எல்லாத்தையும் கேட்டுட்டு என்னை ஒரு மாதிரி பாத்தார்: "நம்ம ஊர்ல பௌர்ணமி என்னிக்குன்னு தெரிஞ்சுக்க எதுக்கும்மா ஃபாரினுக்கு மெயிலு?"

தமிழ்ல இருந்த வரி

பத்தாம் நாள் சைட்டைத் திறந்தோம். பக்கத்தோட அடியில எழுதினவங்க பேரெல்லாம் போட்டு, கோடிங் முழுசுக்கும் லிங்க் குடுத்தோம். மறுநாள் காலைல நானும் குமரேசனும் ஒப்பந்தத்தை எடுத்துக்கிட்டு லாட்ஜுக்குப் போனா, ரிசப்ஷன்ல ஃபாரின்காரர் லேப்டாப்பைத் திறந்து வெச்சிருக்கார். ஏகாம்பரம் ஐயா கண்ணாடி போட்டுக்கிட்டு குனிஞ்சு படிச்சிக்கிட்டிருக்கார்.

கோடிங் எழுதறப்போ நடுவுல நமக்கு நாமே குறிப்பு எழுதி வெப்போமே, அதுல நான் தமிழ்ல எழுதினது ஒண்ணுக்கு அந்த ஃபாரின்காரர் ஐயாகிட்ட அர்த்தம் கேட்டிருக்கார். அதைத் துடைக்கவே இல்லைன்னு எனக்கு அப்பதான் உறைச்சுது. ஏகாம்பரம் ஐயா அவர் குரல்லயே வாசிச்சார்: "'ஏகாம்பரம் ஆறாவது தடவையா கலரை மாத்தச் சொல்றார். இவர் லாட்ஜ்ல படுத்தா கொசு ஆளையே தூக்கிட்டுப் போயிடும், இதுல ஊதா கலர் ஒண்ணுதான் கேடு.'"

குமரேசன் வாசலைப் பாத்தான். பதினோரு லாட்ஜும் போச்சு, கம்பெனியும் போச்சுன்னு நின்னேன். அவர் நிதானமா கண்ணாடியைக் கழட்டினார்: "என்னைத் திட்டினதையே மறைக்காம குடுத்திருக்கியே, வேற எதைம்மா நீ மறைச்சிருக்கப் போற? கையெழுத்து எங்க போடணும், காட்டு."

அது நேர்மை இல்லை, மறதிதான்னு இன்னிவரைக்கும் அவர்கிட்ட நான் சொல்லலைங்க. அந்த அளவுக்குத் திறந்து காட்டச் சொல்லி எந்த லைசென்ஸ்லயும் இல்லை.