கொலைகாரிக்கு வைத்த பெயர்

டிவியில் வரும் அந்தத் துப்பறியும் தொடரின் எழுத்தாளருக்கு ஓர் ஆளைக் கொல்ல நாற்பது வழி தெரியும். செத்தவனுக்குப் பெயர் வைக்க மட்டும் தெரியாது. அவர் எழுதி அனுப்பும் தாள்களில் 'பெரியவர்', 'டாக்டர்', 'இரண்டாவது மருமகள்' என்றுதான் இருக்கும். பெயர் வைக்கிற வேலை தட்டச்சு செய்கிறவளின் தலையில் விழுந்தது. ஒன்பது வருடமாக அவளை அலுவலகத்தில் எல்லோரும் 'டைப்பிங்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கும் ஒரு பெயர் இருக்கக்கூடும் என்ற சந்தேகம் யாருக்கும் வரவில்லை.

அவளும் ஒன்றும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அவள் குடியிருக்கும் கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே வரிசையாகத் தபால் பெட்டிகள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு பெட்டியின் பெயரை மனதில் குறித்துக்கொள்வாள். அவள் காயப்போட்ட துணிமேல் தண்ணீர் கொட்டும் மூன்றாம் மாடிக்காரர் முதல் பாகத்திலேயே விஷம் குடித்துச் செத்தார். லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்த அம்மாளுக்கு இன்ஸ்பெக்டர் உத்தியோகம் கிடைத்தது.

தொடர் சக்கைப்போடு போட்டது. உடனே அறிவாளிகள் கிளம்பிவிட்டார்கள். மூன்றாம் மாடிக்காரரின் பெயருக்குச் சூரியன் என்று பொருளாம். அவர் செத்தது இருட்டறையிலாம். ஆகவே கதை முழுக்க ஒளிக்கும் இருளுக்கும் நடக்கிற போராட்டமாம். ஒரு பேராசிரியர் இதை வீடியோவில் முக்கால் மணி நேரம் விளக்கினார். படப்பிடிப்பு நடந்த அன்றைக்கு எலெக்ட்ரீஷியன் லீவு என்பது அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

எழுத்தாளர் டிவி பேட்டியில் கண்ணை மூடிக்கொண்டு, "ஒவ்வொரு பேருக்கும் மூணு நாள் தவம் கிடப்பேன்" என்றார். வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு வயிறு எரிந்தது.

மறுநாள், ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் திரையில் ஓடும் பெயர்ப் பட்டியலை அடிக்கும்போது, கடைசி வரியில் தன் பெயரையும் சேர்த்து மேனேஜரிடம் நீட்டினாள்.

"இது யாரும்மா?"

"நான்தான் சார். பேரெல்லாம் நான்தானே வெக்கிறேன்."

"அதெல்லாம் ஒரு வேலையா? அப்புறம் டீ கொண்டு வர்றவரும் கேப்பாரு." சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. முடிந்தது கதை.

அவள் அப்படி என்ன பெரிதாகக் கேட்டுவிட்டாள்? ஒரே ஒரு தடவை அந்த டிவியில் தன் பெயர் வரவேண்டும். கல்யாணமாகி இருபது வருடமாக 'இந்தாம்மா' என்றே கூப்பிட்டுக் காலம் தள்ளும் வீட்டுக்காரர் அதைப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்துக் கடைசிப் பாகம் தட்டச்சுக்கு வந்தது. ஊரே தேடும் கொலைகாரி பிடிபடும் பாகம். எழுத்தாளர் வழக்கம்போல 'கொலைகாரி' என்று எழுதிவிட்டுத் தவத்துக்குப் போய்விட்டார். அவள் இந்த முறை எந்தத் தபால் பெட்டியையும் நினைக்கவில்லை. தன் பெயரை அடித்தாள். வேலை போனாலும் போகட்டும். மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதே வாரம் தன் கையாலேயே கோடு போட்டு அடித்த பெயர் என்பது அவருக்கு நினைவில்லை.

அந்தப் பாகம் டிவியில் ஒளிபரப்பான மாலை, வீட்டுக்காரர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் கொலைகாரிக்கு விலங்கு மாட்டி, அவள் பெயரை முழுசாகச் சொன்னார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

"அட, உன் பேரு!" என்று வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். பிறகு அந்தப் பெயரைத் தானும் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "நல்லாத்தான்மா இருக்கு."

மறுநாள் காலை அலுவலகத்தில் எழுத்தாளரின் போன்.

"ஏம்மா டைப்பிங், அந்தக் கொலைகாரி பேரை எங்கேம்மா புடிச்ச? சாயங்காலம் பேட்டி இருக்கு."

"அது என் பேரு சார்."

அந்தப் பக்கம் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஒன்பது வருடம் கழித்து மனுஷனுக்கு உறைத்துவிட்டது, மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்றே அவள் நினைத்தாள்.

"அது சரி. அதுக்கு அர்த்தம் என்ன?"

"மூணு நாள் தவம் கிடந்து பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.