மயிலாத்தாள் பேப்பரைக் காட்டவில்லை

1. பரீட்சை ஹால்

நாலாம் தரம் துல்யதா பரீட்சை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, ஹாலில் மேற்பார்வைக்கு நின்ற வாத்தியார், இங்கே மாஷ் என்பார்கள், வராந்தாவுக்கு வந்து என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். மலையாளம் கலந்த தமிழில் பேசுகிறவர்.

"டீச்சரே, உங்க ஆளுங்க ரெண்டு பேரு உள்ள பஹளம் பண்றாங்க. நான் சொல்லியும் கேக்கல. நீங்க ஒண்ணு வந்து பாருங்க."

துல்யதா என்பது சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகாத பெரியவர்களுக்கான பரீட்சை. இதில் தேறினால் நாலாம் வகுப்பு முடித்ததற்குச் சமம்; அடுத்தது ஏழு, அப்புறம் பத்து. அவர்களைத் தேடிப் பிடித்து, படிக்க வைத்து, இந்த ஹால் வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பதுதான் என் வேலை. ஆபீஸ் கணக்கில் எனக்கு ப்ரேரக் என்று பெயர். ஊக்கப்படுத்துகிறவர் என்று அர்த்தம். ஊரில் எல்லோருக்கும் டீச்சர்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் நாச்சிமுத்து ஐயாவும் அவர் மனைவி மயிலாத்தாளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ரிஜிஸ்டர் நம்பர் அடுத்தடுத்து வந்ததால் ஒரே பெஞ்ச் கிடைத்திருந்தது. அவர் கழுத்தை நீட்டி அந்தம்மாவின் பேப்பரைப் பார்க்கிறார். அந்தம்மா முந்தானையை எடுத்துப் பேப்பர்மேல் போட்டு, இடது கையால் சுற்றி வளைத்து மறைத்துக்கொண்டு எழுதுகிறார்.

"ஏம்புள்ள, கையெ எடு. அந்த ஒரு கேள்வி மட்டும்" என்றார் அவர். மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு. ஹால் முழுக்கக் கேட்டது.

மயிலாத்தாள் தலையைத் தூக்கவில்லை. "உங்க பேப்பரெப் பாத்து எழுதுங்க."

பின் பெஞ்சுகளில் இருந்தவர்கள் ஐயாவுடைய தென்னந்தோப்பில் வேலை செய்யும் பெண்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. எல்லோரும் குனிந்து தங்கள் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஐயா, நீங்க கடைசி பெஞ்சுக்கு வந்துருங்க" என்றேன். வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு பேப்பரைக் கொடுத்துவிட்டு, மனைவிக்குக் காத்திராமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மயிலாத்தாள் மணி அடிக்கும்வரை எழுதிவிட்டு, மற்ற பெண்களோடு ஜீப்பில் வந்தார்.

2. கொட்டாய்

நான் பிறந்தது மூணாறுக்கும் மறையூருக்கும் நடுவே ஒரு தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில். கல்யாணமாகிப் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்துக்கு வந்தேன். இங்கே பேசுவதும் தமிழ்தான், ஆனால் வீட்டை ஊடு என்பார்கள், தோப்பைக் காடு என்பார்கள், 'என்னுடைய' என்பது 'என்ற' ஆகிவிடும், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'ங்க' போடுவார்கள். எனக்குப் பழக ஒரு வருஷம் பிடித்தது.

டி.டி.சி. ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தேன். ஸ்கூல் வேலை கிடைக்கிறவரை இருக்கட்டும் என்றுதான் ப்ரேரக் வேலையில் சேர்ந்தேன். ஹானரேரியம் கொஞ்சம், அதுவும் நினைத்தால் வரும். நான் சொல்கிற அந்த வருஷம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஜூனில் சேரச் சொல்லியிருந்தார்கள். பரீட்சையை முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புவது என்று நானும் முடிவு செய்துவிட்டேன்.

இந்த ஊரில் சென்டர் நடத்த எனக்கு இடம் கொடுத்தவர் நாச்சிமுத்து ஐயா. தேங்காய் போட்டு வைக்கும் பெரிய கொட்டாய் அவருடையது. கேட்டதும் ஒரு பக்கத்தை ஒழித்து, லைட்டுப் போட்டுக் கொடுத்தார். "நம்ம காட்டுல வேலை செய்யற புள்ளைக படிக்கட்டுமுங்க. நல்லதுதானுங்க" என்றார்.

முதல் வாரம் மயிலாத்தாள் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் வாரம் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. என்ன பேப்பர் வந்தாலும் ஐயா, "கண்ணாடி ஊட்டுல கெடக்குதுங்க, நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்பார். ஒருநாள் கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது.

அடுத்த அட்மிஷனுக்குப் பெயர் எழுதும்போது, "ஐயா, உங்க பேரையும் சேத்து எழுதிக்கிறேன்" என்றேன். அவர் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை என்று உறுதியானதும், "எழுதிக்கங்க" என்றார்.

கணக்கில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. எழுத்துதான் தகராறு. எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது குரல் உள்ளே போய்விடும். அவருடைய தோப்பில் தேங்காய் பொறுக்கும் சரசு பக்கத்தில் உட்கார்ந்து கடகடவென்று வாசிப்பாள். அதைக் கேட்டதும் இவர் புத்தகத்தை மூடிவிட்டு மோட்டாரைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போவார். வகுப்பு முடிகிறவரை அந்த மோட்டார் ஓடாது.

3. பூட்டு

ரிசல்ட் வந்தது. சென்டரில் எல்லோரும் பாஸ். நாச்சிமுத்து ஐயா மட்டும் மொழிப்பாடத்தில் தவறிவிட்டார். சரசுவுக்கு நல்ல மார்க், மயிலாத்தாளுக்கு அதைவிட நல்ல மார்க்.

செய்தியைச் சொல்லச் சாயங்காலம் போனேன்; அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. கொட்டாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தது. பெண்கள் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். நான் வீட்டுக்குப் போனேன். ஐயா வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"தேங்கா போட எடம் பத்தலீங்க டீச்சர். இனி கொட்டாய் முடியாதுங்க" என்றார்.

"கணக்குல இந்தச் சென்டர்ல நீங்கதான் முதல் மார்க்கு ஐயா. ஒரு பாடந்தான் விட்டுருக்கு. மறுபரீட்சை எழுதிரலாம்."

"என்ற காட்டுல வேலை செய்யறவிய பாஸு. நானு பெயிலு. போறவன் வாறவனெல்லாம் கேக்கறான். இந்த வயசுல எனக்கு இது தேவைங்களா?"

அவர் சொன்னதும் நியாயம்தான் என்று பட்டது. தெருவில் இறங்கியபோது, எப்படியும் ஜூனில் போகப்போகிறேன், இத்தோடு விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

வீட்டுக்குப் பின்னால் தொட்டியடியில் மயிலாத்தாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ஐயா இவரிடம் பேசுவதில்லை என்றும், சோற்றைத் தானே போட்டுச் சாப்பிடுகிறார் என்றும் சரசு சொல்லியிருந்தாள்.

"ஏங்கம்மா, அன்னிக்கு அந்த ஒரு கேள்வியக் காட்டிருக்கலாமே" என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

வாளியைக் கீழே வைத்தார்.

"காட்டியிருந்தா அன்னைக்கே பாஸுங்க. ஊரே மாலை போடும். அப்பறம் அந்த மனுசன் புஸ்தகத்தெத் தொடுவாருங்களா? எனக்கு அவரு பாஸாகோணும்னு இல்லீங்க டீச்சர். படிக்கோணும். கல்யாணங் கட்டுன நாளுலருந்து அவரு ஆராச்சும் ஒருத்தரக் கூடக் கூட்டிக்கிட்டுத்தான் ஆபீசுக்குப் போவாரு. மொதல்ல அவிய அண்ணன், அப்பறம் பையன். இப்ப நானு. நானு போயிட்டா ஆருங்க?"

"இத அவர்கிட்டயே சொல்லிருக்கலாமே."

"நாஞ் சொன்னா ஏறாதுங்க. அவரா வரோணும்."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஏழாங்கிளாஸ் எப்பங்க தொடங்கறீங்க?"

"இடம் வேணுமே."

"எடம் எங்க இருந்தாலும் நா வாரேனுங்க."

4. சரசு வீட்டு முற்றம்

இடம் கொடுத்தது சரசு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காலனியில் கடைசி வீடு. முன்னால் தகரம் இறக்கிய சின்ன முற்றம், ஒரே ஒரு பல்பு. பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்தார்கள்.

மயிலாத்தாள் வாய்க்கால் வரப்பில் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருவதைக் காலனி முழுக்க நின்று பார்த்தது. தோப்புக்காரர் வீட்டிலிருந்து யாரும் அதுவரை அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததில்லை. வேலைக்கு ஆள் கூப்பிட வருவார்கள், ரோட்டிலேயே நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். சரசுவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிவரச் சொன்னாள்.

"நாற்காலி எதுக்கு சரசு? எல்லாருக்கும் ஒரு பாடந்தானே" என்று சொல்லி மயிலாத்தாள் அவளுக்குப் பக்கத்திலேயே பாயில் உட்கார்ந்தார்.

மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாள் மழை கூடிக்கொண்டு வந்தது. பாடம் பாதியில் இருக்கும்போது ரோட்டில் பைக் வந்து நின்றது. நாச்சிமுத்து ஐயா இறங்காமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். மயிலாத்தாள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. சரசு வாசித்துக்கொண்டிருந்தாள், அவளை முடிக்க விட்டேன்.

தூறல் விழுந்தது. சரசுதான் எழுந்து போனாள்.

"ஐயா, நனையறீங்க. உள்ள வந்து நில்லுங்க."

அவர் பைக்கை ஸ்டாண்டு போட்டார். வந்து தகரத்துக்கு அடியில் நின்றார். சரசு பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்காரவில்லை. பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இங்க வெளிச்சம் பத்தலீங்க. கண்ணு போயிருமுங்க. நாளைக்கிருந்து கொட்டாயிலயே வெச்சுக்கங்க."

"கொட்டாயில தேங்கா கெடக்குதுன்னு சொன்னாங்களே" என்றாள் சரசு. குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே கேட்டாள்.

"தள்ளிப் போட்டுட்டேன்."

பெண்கள் என்னைப் பார்த்தார்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் தொட்டியடியில் மயிலாத்தாள் சொன்னது எனக்குள் இருந்தது. இடம் கிடைத்தால் போதுமா? அவர் மறுபடி வாசலிலேயே நின்றுவிடுவார்.

"ஐயா, கொட்டாய் தர்றது சந்தோஷம். ஆனா நீங்க உக்காந்தாத்தான் அங்க வருவோம். இல்லன்னா எங்களுக்கு இந்த வெளிச்சமே போதும்" என்றேன்.

மழை தகரத்தில் பலமாக விழுந்தது. அவர் கோபப்பட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் அந்த ஊரில் எனக்கு இருந்த மதிப்பும் அவரோடு போயிருக்கும்.

சட்டை ஈரத்தை உதறிவிட்டுக் கேட்டார்: "இவியெல்லாம் ஏழாங்கிளாஸு. பெயிலானவனெ எங்கீங்க உக்கார வெப்பீங்க?"

"மறுபரீட்சை எழுதறவங்க எனக்குப் பக்கத்துல."

அவர் மயிலாத்தாளைப் பார்த்தார். அந்தம்மா அப்போதும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை வெகு நேரமாகத் திருப்பவே இல்லை என்பதை நான் கவனித்தேன்.

"செரீங்க" என்றார் ஐயா. பிறகு மனைவியிடம், "வண்டியில ஏறு. நனையாம போலாம்" என்றார். பரீட்சை நாளுக்குப் பிறகு தன்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று மயிலாத்தாள் அப்புறம் சொன்னார்.

மறுநாள் காலையில் பொள்ளாச்சிப் பள்ளிக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னேன். "வேற நல்ல இடம் கெடைச்சிருச்சா மேடம்?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

5. மறுபரீட்சைக்குப் பின்

மொழிப்பாடத்தை அவர் தனியாகப் போய் எழுதினார். வெளியே வந்ததும், "ரெண்டு கேள்வி விட்டுட்டேனுங்க. பாத்து எழுதறக்குப் பக்கத்துல ஆளில்ல" என்று சிரித்தார். தேறிவிட்டார். இப்போது தாலுகா ஆபீசுக்குத் தனியாகப் போகிறார். மயிலாத்தாளும் சரசுவும் பத்தாம் தரம் வரை வந்துவிட்டார்கள். ஐயா ஏழோடு நிறுத்திக்கொண்டார், போதும் என்கிறார். அதில் எனக்கு வருத்தமில்லை. தினமும் பேப்பர் படிக்கிறார். அதை யார் முதலில் படிப்பது என்பதுதான் இப்போது அந்த வீட்டில் சண்டை.

போன வருஷம் பக்கத்து ஊரில் ஆள் சேர்க்கப் போனபோது அவரையும் கூட்டிப் போனேன். அங்கே ஒரு தோப்புக்காரர், "வேலைக்காரங்க முன்னால நாம உக்காந்து படிச்சு, தோத்துட்டா என்னாகறதுங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஐயா பதில் சொன்னார்.

"நாந் தோத்தேனுங்க. என்ற ஊட்டுக்காரி பாஸு, என்ற காட்டுல வேலை செய்யற சரசு பாஸு, நானு பெயிலு. ஒரு வாரம் சோறு எறங்கல. அப்பறம் எறங்கிருச்சு. அவ்வளவுதானுங்க."

அந்த மனிதர் அன்றைக்கே பெயர் கொடுத்தார். நான் எத்தனை மீட்டிங் போட்டுப் பேசியிருந்தாலும் அது நடந்திருக்காது.

இத்தனை வருஷம் இதே வேலையில் ஏன் இருந்தீர்கள் என்று புதிதாகச் சேரும் ப்ரேரக்குகள் என்னிடம் கேட்கிறார்கள். சின்னப் பிள்ளைக்குப் பரீட்சையில் தோற்றால் ஒரு வருஷம் போகும். பெரியவர்களுக்கு அப்படியில்லை. ஊருக்குள் இத்தனை நாள் சேர்த்து வைத்த மரியாதையைக் கொண்டுவந்து பெஞ்சின்மேல் வைத்துவிட்டுத்தான் அவர்கள் முதல் எழுத்தை எழுதுகிறார்கள். அந்தத் தைரியத்தைத் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை எனக்கு வேறெங்கும் கிடைக்காது. வேலையில் நான் கற்றுக்கொண்டதைக் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். ரிசல்ட் வந்த மறுநாள் வகுப்பை நிறுத்தாதீர்கள். தோற்றவர் வந்து உட்கார உங்கள் பக்கத்தில் ஒரு இடம் வைத்திருங்கள். வருவதற்கு அவருக்குக் கொஞ்சம் நாளாகும். வருவார்.