பிள்ளையாரான எல்லைக்கல்

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த பாகூரின் மேரியில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில், நான் எழுத்தராகச் சேர்ந்த புதிது. பிரெஞ்சுப் பரீட்சை தேறிய திமிர் வேறு. அப்போதுதான் பிரிட்டிஷ் பக்கம் சாரதா சட்டம் வந்திருந்தது. பதினாலு வயது ஆகாத பெண்ணுக்குத் தாலி கட்டினால் தண்டனை. உடனே அங்குள்ள பக்திமான்களுக்குப் பிரெஞ்சு மண்ணின்மேல் திடீர்க் காதல் பிறந்துவிட்டது.

கடலூர்ப் பக்கத்துக் கரும்புப் பண்ணைக்காரர் ஒருவர் வந்தார். வாசலில் வண்டிமேல் அவர் மகள் பாக்கியம் கரும்பு கடித்துக்கொண்டிருந்தாள். பத்து வயது. மாப்பிள்ளைக்கு முப்பது, இரண்டாம் தாரம்.

"இங்க இன்னாங்க சட்டம்?"

"இந்துக்களுக்கு வழக்கம்தான் சட்டம். தாராளமா பண்ணுங்க" என்றார் எங்கள் தலைமை எழுத்தர். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றும் அவர் தலைக்குமேல் பலகையில் தொங்கின.

"குழந்தைங்க அது" என்றேன்.

"நீ எழுத்த அழகா எழுதுபா, போதும். கல்யாணத்துக்கு எனக்குப் பதிலா போயி சாப்புட்டு வா."

சோரியாங்குப்பத்தில், எல்லையோரம், பிரெஞ்சுப் பக்கமாகப் பந்தல். நான் மனப்பாடம் செய்துபோன சீர்திருத்தப் பிரசங்கத்தை நாயனக்காரர்கூடக் கேட்கவில்லை. சாஸ்திரிகள் வந்ததும் அலறினார்: "மணவறை தெற்கு பாத்திருக்கே! எமன் திசை! திருப்புங்கோ!"

திருப்பினார்கள். கிழக்கு பார்க்க வைப்பதற்காகப் பந்தலை வரப்புக்கு அப்பால் நீட்டி, மணவறையை அங்கே வைத்தார்கள். கலசமும் வைத்தாயிற்று. பக்கத்தில் வரப்பில் நட்டிருந்த கல்லைப் பிள்ளையாராக்கிப் பெண்கள் மஞ்சள் பூசி, பொட்டிட்டு, தேங்காய் உடைத்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். மஞ்சளுக்கடியில் எழுத்து தெரிந்தது.

"ஐயா, இது பிள்ளையார் இல்ல, எல்லைக்கல்லு! மாப்பிள்ள இங்கிலீஷ்காரன் மண்ணுல உக்காந்திருக்காரு!"

மாப்பிள்ளை தேள் கொட்டியதுபோல எழுந்தார். அவர் அப்பா பிரிட்டிஷ் பக்கத்துக் கிராம முனிசீப், சர்க்கார் உத்தியோகம். "ஏன்யா, என் வேலைக்கு உல வைக்கவா இட்டாந்த?" என்று சம்பந்தியிடம் பாய்ந்தார்.

"மணவறைய இந்தாண்ட தூக்கி வைங்கடா!" என்று கத்தினார் பெண்ணின் அப்பா.

"ஆவாகனம் பண்ணின கலசத்தை அசைக்கப்படாது!" என்றார் சாஸ்திரிகள். அவர்கள் கத்தி முடிப்பதற்குள் முகூர்த்தம் தாண்டியது. முனிசீப் மகனை இழுத்துக்கொண்டு வண்டியேறினார்.

பாக்கியம் மாலையைக் கழற்றிக்கொண்டே என்னைக் கேட்டாள்: "அப்ப லட்டு உண்டா, இல்லியா?"

அறுவடை முடிந்ததும் பண்ணைக்காரர் வேறொரு மாப்பிள்ளையோடு மேரிக்கு வந்தார். "தம்பி, நம்ம எல்ல சரியா எதுவரைக்கும்?"

"தெரியலீங்களே. திரும்பி அளக்கப் போறாங்களாம். அதுவரைக்கும் எந்த ஊரு யாரு மண்ணுன்னு சொல்ல முடியாது."

வேலைக்குச் சேரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: சட்டம் தெரிந்தால் மட்டும் போதாது, சில சமயம் ஒன்றும் தெரியாமலும் இருக்கவேண்டும். பாக்கியத்துக்குப் பதினாறு முடியும்வரை அந்த எல்லை எனக்குத் தெரியவேயில்லை.